ஆங்கில வாக்கியம் அமைக்க: தமிழில் யோசிப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

ஸ்போக்கன் இங்கிலிஷ் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்பதை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால், "வேர் யூ ஆர் ஒர்க்?" என்று வரும். இதில் தடுக்கியது டென்ஸ் இல்லை. எந்தச் சொல் எந்த இடத்தில் வர வேண்டும், எந்த வினையோடு எது சேரும் என்பதில்தான் தடுக்கியது.

அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் சொற்களின் இடம், அப்புறம் துணைவினை (முக்கிய வினைக்குத் துணையாக வரும் "இஸ்", "கேன்", "டூ" போன்ற சொல்), அதற்குப் பிறகே காலம். பலரும் முதல் நாளே பிடித்துக்கொண்டு தொங்கும் 'எ', 'தி' கிட்டத்தட்ட கடைசியில் வருகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்பதால், தாவிப் படிக்க வேண்டாம்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க இது வசதி. நோட்டில் எழுதும்போது மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அன்றாடம் புழங்கும் முப்பது வினைச்சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிவம் தெரிய வேண்டும்: "கோ, வென்ட், கான்", "ஈட், ஏட், ஈட்டன்", "சீ, சா, சீன்". ஒழுங்கில்லாமல் மாறும் வினைகள் ஆங்கிலத்தில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் இப்போதே உருப்போட வேண்டாம். வர, போக, சாப்பிட, வாங்க, கொடுக்க, சொல்ல, பார்க்க என்று நாள் முழுக்க வாயில் வருகிறவை போதும்.

"ஐ, யூ, ஹி, ஷி, இட், வீ, தே" என்ற ஏழும், அவற்றின் "மீ, ஹிம், ஹெர், அஸ், தெம்" வடிவங்களும் யோசிக்காமல் வர வேண்டும். இங்கே நம் ஆட்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நாம் மரியாதைக்கு ஒருவரையே "அவங்க" என்கிறோம். அந்தப் பழக்கத்தில் மேனேஜர் அம்மாவைப் பற்றிப் பேசும்போது "தே ஆர் வெரி ஸ்ட்ரிக்ட்" என்று வந்துவிடும். கேட்கிறவர் எத்தனை மேனேஜர் என்று குழம்புவார். ஆங்கிலத்தில் அந்த அம்மா எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் "ஷி"தான். அதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

ஒரு நோட்டு, பேசியதைப் பதிவுசெய்ய ஒரு போன். அவ்வளவுதான் சாமான்.

2. எழுவாயை விழுங்காதீர்கள்

"ராமு பாம்பைக் கொன்றான்", "பாம்பை ராமு கொன்றான்" இரண்டுக்கும் பொருள் ஒன்றே. பாம்போடு ஒட்டிய 'ஐ' உருபு யார் செத்தது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு இல்லை. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்கிறவர், பின்னால் நிற்பவர் படுகிறவர். "ராமு கில்ட் தி ஸ்னேக்" என்பதை மாற்றிப் போட்டால் ராமு செத்துப்போவான்.

ஆகவே வரிசை: யார், என்ன செய்தார், எதை, எங்கே, எப்போது. "ஐ பாட் ரைஸ் இன் தி மார்க்கெட் யெஸ்டர்டே." தமிழில் கடைசியில் வரும் வினை இங்கே இரண்டாவது இடத்துக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது, எழுவாய் இல்லாத வாக்கியம். "வாங்கிட்டேன்" என்றால் வாங்கியது யார் என்று விகுதியே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் "பாட்" என்று நிறுத்தினால் அது அந்தரத்தில் தொங்கும். "ஐ பாட் இட்" என்று யார், எதை இரண்டையும் சொல்ல வேண்டும். அந்த "இட்" விட்டுப்போவதைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன்.

செய்கிறவரே இல்லாத இடத்திலும் ஆங்கிலம் எழுவாய் கேட்கும். மழை பெய்கிறது: "இட் இஸ் ரெயினிங்." நேரமாகிவிட்டது: "இட் இஸ் லேட்." ஒன்று இருக்கிறது என்று சொல்ல "தேர் இஸ்": "தேர் இஸ் எ ஷாப் நியர் மை ஹவுஸ்." இந்த "இட்"டுக்கும் "தேர்"க்கும் அர்த்தம் தேடாதீர்கள். காலி இடத்தை நிரப்பத்தான் வந்திருக்கின்றன.

3. வாக்கியம் எந்தக் கட்சி என்று முதலில் பாருங்கள்

ஆங்கில வாக்கியங்களை இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இன்னார் இன்னது, இப்படி, இங்கே என்று சொல்பவை. இவற்றுக்கு "ஆம், இஸ், ஆர்" வேண்டும். இறந்தகாலத்தில் "வாஸ், வெர்". மற்றது, ஒரு செயலைச் சொல்பவை. இவற்றுக்கு அந்தச் செயலின் வினையே போதும்.

"அவ டீச்சர்" என்பது தமிழில் முழு வாக்கியம். அதனால் "ஷி டீச்சர்" என்று வருகிறது. "ஷி இஸ் எ டீச்சர்" என்று திருத்தியதும் அடுத்த தப்பு பிறக்கும்: இனி எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டுவிடுவார்கள். "ஐ ஆம் கோ டு ஆபீஸ்", "ஐ ஆம் அக்ரீ". "கோ" ஏற்கெனவே வினை, அதற்குப் பக்கத்தில் "ஆம்" எதற்கு? "ஐ கோ" அல்லது "ஐ ஆம் கோயிங்", இரண்டில் ஒன்று. "ஐ ஆம் கோ" என்று எந்தக் காலத்திலும் கிடையாது.

தனியாகப் பழக வேண்டியது 'எனக்கு' வாக்கியங்கள். தமிழில் எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும், ஆங்கிலத்தில் கட்சி மாறும். எனக்குப் பசிக்கிறது: "ஐ ஆம் ஹங்ரி." எனக்குத் தெரியும்: "ஐ நோ." எனக்குப் பிடிக்கும்: "ஐ லைக் இட்." எனக்கு இரண்டு தம்பி: "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்." எனக்குக் காய்ச்சல்: "ஐ ஹேவ் எ ஃபீவர்." எனக்குப் புரியவில்லை: "ஐ டோன்ட் அன்டர்ஸ்டேண்ட்." எதிலும் "டு மீ" என்று தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. முதல் துணைவினையைப் பிடியுங்கள்

இந்தப் படியில் இரண்டு வாரம் உட்கார்ந்தாலும் தப்பில்லை. கேள்வி, மறுப்பு, ஒரு வரிப் பதில், 'இல்லையா' என்ற இழுப்பு எல்லாம் ஒரே ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கின்றன. வாக்கியத்தில் முதலில் வரும் துணைவினைதான் அது. முந்தைய படியின் "ஆம், இஸ், ஆர்" தனியாக நின்றாலும் இங்கே துணைவினைக் கணக்குதான்.

மறுப்பு: அதற்குப் பின்னால் "நாட்" சேரும். கேள்வி: அது எழுவாயைத் தாண்டி முன்னால் வரும். "ஷி இஸ் ஸ்லீப்பிங்." "ஷி இஸ் நாட் ஸ்லீப்பிங்." "இஸ் ஷி ஸ்லீப்பிங்?" "ஹி கேன் ட்ரைவ்." "ஹி கேன் நாட் ட்ரைவ்." "கேன் ஹி ட்ரைவ்?" வேறு விதியே இல்லை.

சரி, துணைவினையே இல்லாத வாக்கியத்தில் என்ன செய்வது? "தே ஒர்க் ஹியர்" என்பதில் முன்னால் தள்ள எதுவுமில்லை. அப்போதுதான் "டூ" வருகிறது: "டூ தே ஒர்க் ஹியர்?" "தே டூ நாட் ஒர்க் ஹியர்." "ஹி ஒர்க்ஸ்" என்றால் "டஸ்", இறந்தகாலம் என்றால் "டிட்".

"டஸ்", "டிட்" வந்த பிறகு வினை மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும். "ஒர்க்ஸ்" என்பதில் இருந்த 'ஸ்' "டஸ்"ஸுக்குப் போய்விட்டது. "வென்ட்" என்பதில் இருந்த இறந்தகாலம் "டிட்"டுக்குப் போய்விட்டது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வேண்டாம். "டிட் யூ வென்ட்?" தப்பு, "டிட் யூ கோ?" சரி. "ஹி டஸன்ட் கம்ஸ்" தப்பு, "ஹி டஸன்ட் கம்" சரி. பல வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்கள் வாயிலும் "டிடின்ட் வென்ட்" வருவதைக் கேட்டிருக்கிறேன். ஆரம்பத்திலேயே கிள்ளாவிட்டால் ஒட்டிக்கொள்கிற பழக்கம்.

எங்கே, என்ன, எப்போது, ஏன் என்ற கேள்விச்சொல் இருந்தால், அதைக் கேள்விக்கு முன்னால் ஒட்டினால் போதும். "டூ யூ ஒர்க்?" என்பதன் முன்னால் "வேர்": "வேர் டூ யூ ஒர்க்?" "வாட் யூ ஆர் டூயிங்?" என்று வருவதற்குக் காரணம், சாதாரண வாக்கியத்தின் முன்னால் நேராக "வாட்" ஒட்டுவதுதான். முதலில் "ஆர் யூ டூயிங்?" என்று கேள்வியாக்குங்கள், அப்புறம் "வாட்" சேருங்கள். இந்த இரண்டு அடியையும் கொஞ்ச நாள் மெதுவாகவே செய்யுங்கள். வேகம் தானாக வரும்.

ஒரே விலக்கு: கேள்விச்சொல்லே எழுவாயாக இருந்தால் எதுவும் நகராது. உங்களை யார் கூப்பிட்டார்கள்: "ஹூ கால்ட் யூ?" நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள்: "ஹூ டிட் யூ கால்?" தமிழில் 'யார்' வந்தால் முதல் வகை, 'யாரை' வந்தால் இரண்டாவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்தால், சொற்கள் பழைய இடத்துக்கே திரும்பும். "வேர் இஸ் தி பேங்க்?" தனிக் கேள்வி. பேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டால் "டூ யூ நோ வேர் தி பேங்க் இஸ்?" கேள்வி கேட்கும் வேலையை "டூ யூ நோ" முடித்துவிட்டதால் உள்ளே மறுபடி புரட்டத் தேவையில்லை. முதல் பகுதி நன்றாகப் பழகியவர்கள்தான் இதில் தடுமாறுவார்கள். எல்லாவற்றையும் புரட்டும் கை வந்துவிடும்.

இன்டர்வியூவில் ஆளைக் கவிழ்ப்பது எதிர்மறைக் கேள்விக்குச் சொல்லும் பதில். "ஆரன்ட் யூ கமிங்?" என்று கேட்டால் நாம் "ஆமாம், வரல" என்ற பழக்கத்தில் "யெஸ்" என்போம். கேட்டவர் நாம் வருகிறோம் என்று எடுத்துக்கொள்வார். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பார்க்காதீர்கள். உங்கள் பதிலில் "நாட்" வருமா? வந்தால் "நோ, ஐ ஆம் நாட்." வராவிட்டால் "யெஸ், ஐ ஆம்." "யெஸ், ஐ ஆம் நாட்" என்ற கலவை கிடையாது.

நாம் எல்லாவற்றுக்கும் 'இல்லையா' போடுவோம். ஆங்கிலத்தில் அதுவும் துணைவினையைப் பார்த்து மாறும்: "யூ லிவ் இன் சேலம், டோன்ட் யூ?" "ஹி கேன் கம், கான்ட் ஹி?" ஆரம்பத்தில் "ரைட்?" என்று முடித்துக்கொள்ளுங்கள், பேச்சில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

5. காலம்: ஐந்தே போதும்

இப்போது டென்ஸுக்கு வரலாம். பன்னிரண்டில் ஐந்து வந்தால் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி முடிந்தது: "ஐ ஒர்க்", "ஐ ஆம் ஒர்க்கிங்", "ஐ ஒர்க்ட்", "ஐ வில் ஒர்க்", "ஐ ஹேவ் ஒர்க்ட்". "ஐ வாஸ் ஒர்க்கிங்" போன்றவை இவற்றின் துணைவினையை மாற்றினால் கிடைத்துவிடும். எதிர்காலத்தில், முன்பே முடிவுசெய்த காரியத்துக்கு "ஐ ஆம் கோயிங் டு", அந்த நிமிடத்தில் சொல்லும் முடிவுக்கு "ஐ வில்".

முதல் இரண்டில்தான் குழப்பம். 'எழுந்திருக்கிறேன்' என்பதை நாம் தினமும் நடப்பதற்கும் சொல்வோம், இப்போது நடப்பதற்கும் சொல்வோம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. வழக்கம் என்றால் "ஐ கெட் அப் அட் ஃபைவ்". இப்போது நடந்துகொண்டிருந்தால்தான் "ஆம்" போட்டு "இங்". நோ, லைக், வான்ட், அன்டர்ஸ்டேண்ட் போல மனநிலையைச் சொல்லும் வினைகளுக்குப் பொதுவாக "இங்" சேர்க்க வேண்டாம். உடைமையைச் சொல்லும் "ஹேவ்" அப்படித்தான். "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" நம் ஊரில் சாதாரணமாகக் காதில் விழும். வெளியூர்க்காரர் காதில் உறுத்தும்.

"ஹேவ்" போட்ட காலத்துக்கு ஒரே சோதனை: எப்போது என்று சொல்கிறீர்களா? நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் "ஹேவ்" கூடாது. "ஐ சா ஹிம் யெஸ்டர்டே." எப்போது என்பது முக்கியமில்லை, பார்த்தாயிற்று என்பதுதான் சேதி என்றால் "ஐ ஹேவ் சீன் ஹிம்." 'சாப்பிட்டாச்சா?' என்பதற்கு "ஹேவ் யூ ஈட்டன்?" சரியாகப் பொருந்தும். அமெரிக்கர்கள் "டிட் யூ ஈட்?" என்றும் கேட்பார்கள், அதுவும் சரிதான்.

'இரண்டு வருஷமா இங்க வேலை பாக்கறேன்' என்பது "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று வரும். இதில் இரண்டு தப்பு. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதால் "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர்" வேண்டும். அடுத்து, எவ்வளவு காலம் என்றால் "ஃபார் டூ இயர்ஸ்"; எப்போதிருந்து என்றால் "சின்ஸ் 2022".

"ஹேட்" பக்கம் இப்போது போகாதீர்கள். "ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே" என்று சொன்னால் கொஞ்சம் படித்த மாதிரி இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டியது "ஐ வென்ட்" மட்டும்தான். நடந்த இரண்டு விஷயங்களில் எது முந்தியது என்று காட்ட வேண்டிய இடத்தில்தான் "ஹேட்"டுக்கு வேலை.

6. கேன், வில், ஷுட், மஸ்ட்

இது சுலபம். இவற்றுக்குப் பின்னால் மூல வினை மட்டும் வரும். "டு" வேண்டாம், 'ஸ்' வேண்டாம். "ஹி கேன் ஸ்விம்." "யூ மஸ்ட் டு கோ" தப்பு. "ஐ கேன் ஏபிள் டு டூ" என்பதும் தப்பு. "ஐ கேன் டூ இட்" அல்லது "ஐ ஆம் ஏபிள் டு டூ இட்". உதவி கேட்கும்போது "கேன் யூ" என்பதைவிட "குட் யூ" கொஞ்சம் பணிவாக இருக்கும். நம் 'ங்க' செய்கிற வேலையை ஓரளவு அது செய்துவிடும்.

7. உருபு முன்னால் வரும்

மேசையில், மேசையிலிருந்து, மேசைக்கு என்று நாம் பின்னால் ஒட்டுவதை ஆங்கிலம் முன்னால் தனிச்சொல்லாக வைக்கிறது. நம் 'இல்' ஒன்றுக்கு அங்கே மூன்று. மணிக்கும் குறிப்பிட்ட புள்ளிக்கும் "அட்", கிழமைக்கும் மேற்பரப்புக்கும் "ஆன்", மாதத்துக்கும் வருடத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் "இன்". வண்டிகளில் ஒரு குறுக்குவழி: உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் "ஆன் தி பஸ்", "ஆன் தி ட்ரெயின்", முடியாவிட்டால் "இன் தி கார்", "இன் தி ஆட்டோ".

தேவையில்லாத இடத்தில் போடுவதுதான் நம் பெரிய பழக்கம். 'அவன்கிட்ட சொன்னேன்' என்பதால் "ஐ டோல்ட் டு ஹிம்". ஆனால் "டோல்ட்" நேராக ஆளைப் பிடிக்கும்: "ஐ டோல்ட் ஹிம்." "டிஸ்கஸ் அபவுட்" வேண்டாம், "டிஸ்கஸ் தி ப்ராப்ளம்". "ரீச்ட் டு சென்னை" வேண்டாம், "ரீச்ட் சென்னை". மறுபக்கம், "லிசன் டு மீ", "வெயிட் ஃபார் மீ" இரண்டிலும் விட்டுவிடக் கூடாது. இதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வினையை எழுதும்போதே அதன் ஒட்டையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.

8. எ, அன், தி

எண்ணக்கூடிய ஒற்றைப் பொருள் ஆங்கிலத்தில் பெரும்பாலும் தனியாக நிற்காது. 'பேனா வாங்கினேன்' என்கிற மாதிரி "ஐ பாட் பென்" என்று சொல்ல முடியாது. "எ பென்", "தி பென்", "மை பென்", ஏதாவது ஒன்று வேண்டும். கேட்கிறவருக்கு எந்தப் பேனா என்று தெரியும் என்றால் "தி", தெரியாது என்றால் "எ". தண்ணீர், அரிசி, பணம் போன்றவற்றுக்கும் பன்மைக்கும் "எ" கிடையாது.

"எ"வுக்குப் பதில் "அன்" போடுவது எழுத்தைப் பார்த்து இல்லை, அடுத்த சொல் உயிரொலியில் தொடங்குகிறதா என்று ஒலியைப் பார்த்து. "அன் அவர்" (ஒரு மணி நேரம்), ஆனால் "எ யுனிவர்சிட்டி". பேச்சில் "தி" விட்டுப்போனாலும் பொருள் பெரும்பாலும் கெடாது; அதனால்தான் இந்தப் படியை இவ்வளவு தள்ளி வைத்தேன்.

9. வாக்கியங்களைக் கோப்பது

'நேற்று வந்த பையன்' என்று நாம் விவரத்தை முன்னால் வைப்போம். ஆங்கிலத்தில் பையன் முதலில், விவரம் பின்னால்: "தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே." ஆளுக்கு "ஹூ", பொருளுக்கு "தட்". 'வருவான் என்று நினைக்கிறேன்' என்பதும் அப்படியே தலைகீழ்: "ஐ திங்க் தட் ஹி வில் கம்."

'வந்தால்' என்பதற்கு "இஃப் ஹி கம்ஸ்". எதிர்காலம்தானே என்று அங்கே "வில்" போடாதீர்கள், அது அடுத்த பாதிக்கு: "இஃப் ஹி கம்ஸ், ஐ வில் கோ." "ஆல்தோ" என்று தொடங்கினால் நடுவில் "பட்" வேண்டாம், ஒன்று போதும்.

வெளிநாடு போக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்கள் இந்தப் படியைத் தள்ளிப்போட வேண்டாம். அதன் பேச்சுத் தேர்வில் பார்க்கும் நான்கு அம்சங்களில் ஒன்று இலக்கணம். தப்பில்லாமல் பேசுவதை மட்டும் அதில் பார்ப்பதில்லை, எத்தனை விதமான வாக்கியம் வருகிறது என்றும் பார்ப்பார்கள். குட்டிக் குட்டி வாக்கியமாகப் பிழையின்றிப் பேசியே நல்ல மதிப்பெண் வாங்குவது கடினம்.

10. தினமும் செய்ய வேண்டியது

ஒரு நாளைக்கு ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து எல்லாப் பக்கமும் திருப்புங்கள். "மீனா செல்ஸ் ஃப்ளவர்ஸ்." "மீனா டஸன்ட் செல் ஃப்ளவர்ஸ்." "டஸ் மீனா செல் ஃப்ளவர்ஸ்?" "வாட் டஸ் மீனா செல்?" "வேர் டஸ் மீனா செல் ஃப்ளவர்ஸ்?" "ஹூ செல்ஸ் ஃப்ளவர்ஸ்?" அப்புறம் இதே ஆறையும் "சோல்ட்" வைத்து. மறுநாள் "மீனா இஸ் அட் தி மார்க்கெட்" என்று மற்றக் கட்சி வாக்கியம். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யாவிட்டால் "டஸ் மீனா அட் தி மார்க்கெட்?" என்று வரத் தொடங்கும்.

எழுதுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள். எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது, பேசும்போது கிடைக்காது. பயிற்சி கிடைக்காததற்குத்தான் வேண்டும்.

வாரம் ஒருமுறை, அன்றைய நாளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள். கேட்கும்போது எல்லாத் தப்பையும் பிடிக்கப் போகாதீர்கள், சோர்ந்துவிடுவீர்கள். முதல் வாரம் எழுவாய் விட்டுப்போகிறதா என்று மட்டும். அடுத்த வாரம் "ஆம், இஸ், ஆர்" இடம் மாறுகிறதா என்று மட்டும். அதற்கடுத்து "டிட்"டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று. ஒரு தப்பு இரண்டு பதிவுகளில் தொடர்ந்து வராவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மறுபடி தலைகாட்டினால் அந்தப் படிக்கு மட்டும் திரும்பி வந்தால் போதும். முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.